எசேக்கியேல் நூலில் இறைமாட்சியின் வெளியேற்றம்

கி.மு. 597இல் யோயாக்கீன் மன்னனோடு ஒரு பகுதி மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்படுத்திக் கொண்டுசெல்லப்பட்டனர். எருசலேம் ஆலயம் எரிக்கப்பட்டது அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே. எசேக்கியேல் 8-11 அதிகாரங்களின் காட்சி இவ்விடைவெளிக்குரியது. சிலைவழிபாட்டால் மாசுற்ற ஆலயத்தைவிட்டு இறைமாட்சி ஒரேயடியாக நீங்குவதில்லை. வாயிற்படி, கிழக்கு வாயில், நகரின் கிழக்கேயுள்ள மலை எனத் தயங்கித் தயங்கியே அகல்கிறது. எனவே பாபிலோனியர் எரித்தது இறைவன் முன்னரே துறந்த இல்லத்தை. அவ்வழிவு அவரது தோல்வியன்று.

எனினும் இத்தண்டனையை முழுமையான கைவிடலாகக் கொள்வது பொருந்தாது. சிறைப்பட்டோர் இறைவனுக்குத் தொலைவானோர், நாடு தமக்கே உரியது என்பது எருசலேமில் எஞ்சியோரின் வாதம் (11:15). சிதறியோருக்குத் தாமே புனித இடமானதாக இறைவன் மறுமொழி தருகிறார் (11:16). ஆங்குள்ள 'மெஅத்' என்னும் எபிரேயச் சொல் அளவின் சிறுமையையும் காலத்தின் குறுமையையும் சுட்டவல்லது. எப்பொருள் கொள்ளினும், சிறையிருப்பில் கிட்டிய இறைப்பிரசன்னம் குறைவுபட்டதே. தண்டனை அக்குறைவிலும் தொடர்கிறது.