வான்கோழியும் மூக்குக்கண்ணாடியும்

லேஸர் சிகிச்சை செய்துகொண்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கி எறியும்படி வீட்டில் எல்லோரும் எனக்கு உபதேசிக்கிறார்கள். கதை எழுதுகிறவனல்லவா? சிகிச்சையின் பூர்வகதையைத் தேடிப் போனேன்.

1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி கூறும் திருநாளுக்கு மறுநாள், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்ற ரசாயன விஞ்ஞானி, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போனார். எக்ஸைமர் லேஸரின் புறஊதாக் கதிரை அதன்மேல் பாய்ச்சினார். வெட்டு விழுந்தது, சுற்றுப்புறம் கருகவில்லை! பிற்பாடு ஒற்றைத் தலைமயிரிலேகூடப் பள்ளம் செதுக்கிக் காட்டினார்கள். 1983இல் ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் டாக்டர் ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து, கருவிழியின் மேற்படலத்தையும் இப்படிச் செதுக்கலாம் என்று எழுதினார்.

ஆனால் பார்வையுள்ள கண்ணை யார் கொடுப்பார்கள்? 1988இல் ஓர் அம்மாள் கொடுத்தாள். புற்றுநோயால் எப்படியும் எடுத்துவிட வேண்டிய கண். எடுப்பதற்குமுன் சோதித்துப் பார்க்க இசைந்தாள். மார்கரீட் மக்டானல்ட் என்ற பெண் டாக்டர் சிகிச்சை செய்தார். சில நாளில் கண்ணை எடுத்துவிட்டார்கள். தனக்கு எள்ளளவும் பலனில்லை என்று தெரிந்தே கண்ணைக் காட்டியவள்! விஞ்ஞானியைவிட அவளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

என் விஷயம் வேறு. நான் கிட்டப்பார்வைக்காரன், கண்ணாடியைக் கழற்றினால் பொடி எழுத்தும் பளிச்சென்று தெரியும். லேஸர் தூரத்தைத் திருத்தும். நாற்பதுக்குமேல் வரும் வெள்ளெழுத்தைத் தடுக்காது. சிகிச்சைக்குப்பின் பஸ் நம்பர் தெரியும், புரூப் திருத்தக் கண்ணாடி வேண்டியிருக்கும். எனக்குச் சோறு போடுவது புரூப்தானே? புது பிரேமுக்குச் சொல்லியிருக்கிறேன்.