குடியிருக்கும் மனையும் கூலியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்த திருநின்றவூர், பக்தவத்சலப் பெருமாள் கோயிலாலும், கையில் பொருளில்லாமையால் ஆலயத்தை மனத்திலேயே எழுப்பிக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்த பூசலார் நாயனாராலும் பெயர் பெற்ற ஊராகும். ஸ்தல புராணம் எழுதுவோருக்கு இவ்விரண்டும் போதும். ஆனால் இவ்வூரைச் சுற்றி, தெற்கே பூந்தமல்லி தொடங்கி வடக்கே கும்மிடிப்பூண்டி வரையில் பரந்து கிடக்கும் பூமியில் ஏர் பிடித்தும், நெல் அவித்தும், செங்கல் அறுத்தும், இயந்திரம் ஓட்டியும் ஜீவித்த ஜனங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கோயில்களை விட்டுச் சேரிகளின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே ஒரே விஷயம் நூற்றைம்பது ஆண்டுகளாக வெவ்வேறு வேஷங்களில் தென்படுகிறது: கூலியை நிர்ணயிப்பது சந்தையுமன்று, சட்டமுமன்று, கூலி கேட்பவன் படுத்துறங்கும் மனை யாருடையது என்பதே.

திருவள்ளூர்த் தாலூகா முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1997-ல்தான். மிராசுப் பாத்தியதை ஆழ வேரூன்றிய ஜில்லா அது. ஊரின் நன்செய், புன்செய், புறம்போக்கு, ஏரிப் பாய்ச்சல் அனைத்திலும் மிராசுதாரர்கள் தங்களுக்குப் பாத்தியம் உண்டென்றனர். சேரி நத்தமும் தங்களுடையதே என்றனர். சேரியிலிருந்த படியாட்கள் களத்தில் அளக்கப்படும் தானியத்திற்காக உழைத்தார்கள். கல்யாணத்திற்கோ கருமாதிக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டாரிடம் கட்டுண்டிருந்தார்கள். அடிமை முறையைச் சர்க்கார் அங்கீகரிக்காது என்று 1843-ம் ஆண்டின் 5-வது சட்டம் சொல்லிவிட்டது. அடிமையாக வைத்திருப்பது குற்றமென்று, 1862-ல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் சொல்லிற்று. சட்டம் விடுவித்த மனிதன் மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பான் என்பதை மட்டும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர். செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், 1891-ல் சென்னை சர்க்காருக்கு அனுப்பிய அறிக்கையில், ஆதிதிராவிட மக்களின் வறுமைக்குச் சோம்பலும் குடியும் காரணமென்று உத்தியோகஸ்தர்கள் பேசிவந்த வழக்கமான பேச்சை ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு நிலம் கிடைக்காமல் மிராசு முறை தடுப்பதையும், குடிசை போட்ட மனையிலிருந்து எந்நேரமும் துரத்தப்படலாம் என்ற அச்சத்தால் அவர்கள் கூலி உயர்வு கேட்க வாய் திறவாதிருப்பதையும் எடுத்துக் காட்டினார். இன்றைக்கும் அரசாங்க அறிக்கைகளில் அத்தகைய நேர்மையான பரிசீலனை அபூர்வம். அதன் விளைவாக 1892-ல் பிறந்த உத்தரவுப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களையே நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். முதற் பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்பு விற்பதாயினும் அச்சமூகத்தாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தும், அந்நிலங்கள் கைமாறிய வரலாறு யாவரும் அறிந்ததே. அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டை அடுத்த காரணையில் கிளர்ச்சி செய்தவர்கள் மீது 1994 அக்டோபர் 10-ல் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். அறிக்கைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே நூற்று மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

கிராமத்தில் மனையில்லாதவனுக்கு இருப்புப் பாதை ஒரு புது வழியைக் காட்டியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் இந்தப் பகுதியினூடாகவே ஓடிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின், தாது வருஷப் பஞ்சம் தலை விரித்தாடிய அதே 1876-ல், பின்னி கம்பெனியார் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையைத் தொடங்கினர். 1881-ல் கர்நாடிக் ஆலை எழுந்தது. பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டிய கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று இந்திய சர்க்காரின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததையும், அந்த அளவு உயிர் வாழப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடியதையும் இங்கே நினைவு கூர வேண்டும். அந்தக் கால்வாய்க்கும் ஆலைக்கும் ஒரே கவர்னரின் பெயர் வாய்த்தது. பசித்தவர்கள் நகரத்தின் வாயிலில் கூட்டங் கூட்டமாய் நிற்கையில் ஆலைக்கு ஆள் கிடைப்பதா அரிது?

அவ்வாலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்ததும், திரு. வி. க. அவர்களுக்காகத் தமிழில் முழங்கியதும், வேலைநிறுத்தத்தைத் தூண்டலாகாதென்று கம்பெனியார் ஹைகோர்ட்டில் தடை உத்தரவு பெற்றதும், அந்த வழக்கே 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு ஒரு காரணமானதும் பலரும் எழுதிய விஷயங்கள். குறைவாக எழுதப்பட்டது 1921-ன் வேலைநிறுத்தத்தின் மறுபக்கம். அது மாதக்கணக்கில் நீண்டபோது, ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜாவின் யோசனைப்படி அச்சமூகத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஊரில் துண்டு நிலமோ உறவினர் வீட்டுக் கூரையோ உள்ளவன் ஆறு மாதம் வேலையின்றித் தாக்குப் பிடிக்கலாம். ஊருக்குத் திரும்பினால் பழைய படியாள் வாழ்வே காத்திருக்கிறது என்றறிந்தவன் ஆறு வாரங்கூடத் தாங்க மாட்டான். ஜாதித் துவேஷத்தை மட்டும் கண்டு இந்த வித்தியாசத்தைக் காணாத சரித்திரம் பாதிச் சரித்திரமே.

மனையைக் கொண்டு கூலியை அடக்குவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், சிகாகோ நகரை ஒட்டி ரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன், தன் தொழிலாளர்களுக்கென்று செங்கல் வீடுகளும் பூங்காவும் நூல் நிலையமுமாக ஒரு நகரத்தையே நிர்மாணித்தார். வியாபாரம் மந்தமானதும் கூலியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெட்டினார். வீட்டு வாடகையில் ஒரு செப்புக் காசும் குறைக்கவில்லை. 1894 மே மாதம் மூண்ட வேலைநிறுத்தம், யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் சேர்ந்துகொண்டதும் தேசமெங்கும் பரவ, ஜனாதிபதி கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பி அதை நசுக்கினார். தொழிலுக்குத் தேவைப்படாத வீடுகளைக் கம்பெனி விற்றுவிட வேண்டுமென்று இல்லினாய் மாகாண உச்ச நீதிமன்றம் 1898-ல் தீர்ப்பளித்தது. கூலி கொடுப்பவனே வாடகை வாங்குபவனாகவும் இருத்தல் ஆகாது என்பது அங்கே ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் அந்நாட்டின் மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலராகவே நிற்கிறது. வாடகையோ அப்படி நிற்கவில்லை.

மனையே கூலியை நிர்ணயிக்கிறது என்ற உண்மையைச் சென்னை மாகாணம் முற்றிலும் உணராமல் இல்லை. 1920-ஐ ஒட்டி ஏற்பட்ட லேபர் கமிஷனர் இலாகா, பெயரைப் பார்த்தால் ஆலைத் தொழிலாளருக்கானதாகத் தோன்றினும், தன் முயற்சியின் பெரும்பகுதியை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டு மனை வாங்கிக் கொடுப்பதில் செலவிட்டது. 1971-ல் தமிழக அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டம், மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கிற்று. மேடைப் புகழ் பெற்ற பல சட்டங்களைக் காட்டிலும் இது பெரிய காரியம் என்பது என் துணிபு.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. தீர்மானம் என்னவாயிற்றோ, ஆலைகள் வந்தன. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அறுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும். பின்னர் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகம். 1979-ல் மின்சார ரயில் திருவள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் எட்டியது. நிரந்தர உத்தியோகம் பெற்ற தலைமுறை, பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்து, திருநின்றவூர் போன்ற ஊர்களின் வயல்களில் கல் நட்டுப் பிரித்த மனைகளை வாங்கி வீடு கட்டிக்கொண்டது. படியாளின் பேரன் பட்டாவும் ஈ. எஸ். ஐ. அட்டையும் கையிலேந்தி, மேலதிகாரியிடம் முகத்துக்கு நேராக வாதாடிய காட்சி, இப்பூமியின் சரித்திரத்தில் முன்னெப்போதும் இல்லாதது. ஆனால் அது ஒரு தலைமுறைக்கே நிலைத்தது. பெரம்பூரின் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று 1981-ல் தமிழ்நாடு சட்டம் செய்ய, கணக்கு அந்த எண்ணை எட்டாதபடி ஆளை நிறுத்தி மீண்டும் எடுக்கும் சாமர்த்தியத்தைக் காண்டிராக்டர்கள் கற்றுக்கொண்டனர்.

இந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள், நள்ளிரவு தாண்டி எழுந்து நெல் அவித்து, விடிந்ததும் களத்தில் பரப்பி, வெயிலில் கிளறி, மூட்டைக் கணக்கில் கூலி பெற்றார்கள். வசிப்பது ஆலை வளாகத்துக்குள், வெளியே போவது முதலாளியின் அனுமதியில். திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கோ, ஒடிஷாவின் பலாங்கீர், நுவாபாடா ஜில்லாக்களிலிருந்து, நுவாக்காய் என்னும் புதுநெல் பண்டிகை முடிந்ததும் சர்தார் எனப்படும் தரகரிடம் முன்பணம் பெற்ற குடும்பங்கள் வருகின்றன. கணவன், மனைவி, ஒரு குழந்தை சேர்ந்தது ஒரு 'பதுரியா'. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. குனிந்து நுழையும் குடிசையை அறுத்த கல்லாலேயே அடுக்கிக்கொள்கிறார்கள். முன்பணம் அறுத்துத் தீருமுன் மழை வந்துவிட்டால், மிச்சம் அடுத்த பருவத்துக்குக் கடன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. 2011-ல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். கொத்தடிமைகளாய்க் கிடந்தவர்கள் அறுத்த கல்லும், மனைப்பிரிவுகளில் எழும் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை வீடு கட்டியவர்கள் எண்ணிப் பார்ப்பது நலம்.

மீட்கப்பட்டவருக்கு வருவாய்க் கோட்ட அதிகாரி விடுதலைச் சான்றிதழ் அளிக்கிறார். மத்திய அரசின் திட்டப்படி உடனடி உதவியாக ஒரு சிறு தொகையும், வழக்கு முடிந்த பின் எஞ்சிய லட்சமோ லட்சங்களோ கிடைக்க ஏற்பாடுண்டு. வழக்கு முடியுமளவும் அவர் எங்கே தங்குவார்? திரமென்ஹீர் சுட்டிக்காட்டிய இடத்திலேயே நாம் இன்னும் நிற்கிறோம். விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அதே நாளில், அதே மேஜையில், அவர் சொந்த ஊரில் ஒரு மனைக்கான பட்டாவும் கொடுக்கப்பட வேண்டும். ஒடிஷாக்காரராயின் இரு மாநில அரசுகளும் கலந்து அதைச் செய்ய வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் இதனை முதலில் தொடங்கி வைக்கட்டும்.