பம்ப்லோனாவின் காளை ஓட்டம்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார மாநிலத்தின் தலைநகராக விளங்குவது பம்ப்லோனா. ஆண்டுதோறும் ஜூலை 6-ஆம் நாள் நண்பகலில், அந்நகர மன்ற மாடத்திலிருந்து ஒரு வாணம் விண்ணில் பாய்கிறது. கீழே வெண்ணுடையில் நெருங்கி நிற்கும் மக்கள், அவ்வொலி கேட்டதும் செந்நிறக் குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொள்கின்றனர். புனித பெர்மின் திருவிழா தொடங்கிவிட்டது. 14-ஆம் நாள் நள்ளிரவு வரை அந்நகருக்கு உறக்கமில்லை.

மறுநாள் முதல் எட்டு நாளும், காலை எட்டு மணிக்கு ஆறு காளைகள் தெருவில் விடப்படுகின்றன. பழக்கிய எருதுகள் அவற்றோடு ஓடுகின்றன. நீண்ட கோல் ஏந்திய மேய்ப்பர் பின்தொடர்கின்றனர். தொழுவிலிருந்து காளையரங்கு வரை ஏறக்குறைய 850 மீட்டர். பெரும்பாலும் மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அம்மூன்று நிமிடங்களுக்காகவே கடல் கடந்தும் பயணிகள் வந்து குவிகின்றனர்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? புனித பெர்மினைக் காளையில் கட்டி இழுத்துக் கொன்றனர். அதன் நினைவே இவ்வோட்டம் என்று பயணிகளிடம் ஒரு கதை சொல்வதுண்டு. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெர்மின் பிரான்சு நாட்டு ஆமியேன் நகரில் தலை வெட்டுண்டு இறந்தார் என்பதே திருச்சபை மரபு. காளையால் இழுபட்டு மாண்டவர், அவருக்கு முற்பட்ட சாத்தூர்னினோ என்னும் மற்றோர் அடியார். இருவர் வரலாறும் மக்கள் வாயில் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

உண்மைக் காரணம் மிக எளியது. அக்டோபரில் நடந்துவந்த திருநாளை, 1591-இல் நல்ல பருவமாகிய ஜூலைக்கு மாற்றினர். அப்போது அங்கே சந்தையும் கூடும், காளைப் போரும் நடக்கும். போருக்குரிய காளைகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து எப்படியேனும் நகருக்குள் கொண்டுவந்தாக வேண்டுமல்லவா? தெருக்கள் வெறிச்சோடியிருக்கும் வைகறையில் மேய்ப்பர் அவற்றை ஓட்டிவந்தனர். அது விழா அன்று, வேலை. இளைஞர் சிலர் துணையாக உடன் ஓடினர். நாளடைவில் முன்னே ஓடலாயினர். ஆட்சியாளர் அதனை விரும்பவில்லை. ஆயினும் நிறுத்த இயலவில்லை. இறுதியில் ஒழுங்குபடுத்துவதோடு நிறைவடைந்தனர்.

1923-இல் எர்னஸ்ட் ஹெமிங்வே இங்கு வந்தார். அவர் 1926-இல் வெளியிட்ட புதினம் இவ்வூர் விழாவை உலகறியச் செய்தது. காளையரங்கின் முன் அவருக்குச் சிலையும் எடுத்துள்ளனர். ஆனால் நூலைப் படித்து ஆவல் கொண்டு வருபவர்க்கு, தந்தையிடம் மகன் கற்கும் நுட்பங்கள் தெரிவதில்லை. முதல் வாணம் தொழுவின் கதவு திறந்ததைக் குறிக்கும். இரண்டாவது, காளைகள் அனைத்தும் வெளியேறியதைக் குறிக்கும். இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் மந்தை சிதறிவிட்டது என்று உள்ளூரார் உணர்ந்துகொள்வர். தனித்த காளையே கொடியது. புதியவர் காதில் விழுவது வெறும் வெடியோசைதான்.

விழுந்தவன் காளைகள் போகும் வரை எழலாகாது என்பது மற்றொரு விதி. 1995-இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் ஓட்டத்தில் தடுக்கி விழுந்தார், உடனே எழுந்தார். கொம்பு பாய்ந்து உயிர் நீத்தார். வயது 22. 1910 முதல் 2009 வரை இத்தெருக்களில் மாண்டவர் 16 பேர், பெரும்பாலோர் ஸ்பானியரே. அறிந்தவரையும் காளை விடுவதில்லை என்பதை மறைத்தல் முறையன்று.

காலையில் ஓடிய ஆறு காளைகளும் அன்று மாலையே அரங்கில் கொல்லப்படுகின்றன. அரங்கின் வருவாய் முதியோர் இல்லம் ஒன்றைப் பேணுகிறது என்பர். அறச்செயல்தான், எனினும் அம்மாலைக் காட்சியை என் மனம் ஏற்பதில்லை. அந்நாட்டிலேயே அதனை எதிர்ப்போர் பலர் உளர்.

7-ஆம் நாள் காலை பத்து மணிக்கு வேறொன்று நிகழ்கிறது. ஓட்டம் கண்ட பயணியர் பலர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பர். சான் லொரென்சோ கோயிலிலிருந்து அடியாரின் திருவுருவம் பழைய தெருக்களில் உலா வருகிறது. உடன் எட்டுப் பேருருவங்கள்: 1860-இல் செய்யப்பட்டவை, நான்கு கண்டங்களின் அரசரும் அரசியருமாக நான்கு இணைகள். உள்ளே ஒருவர் நுழைந்து தோளில் தாங்கி ஆட, குழந்தைகள் அண்ணாந்து நோக்கி நிற்பர். பாட்டியர் பலகணிகளில் காத்திருப்பர். யான் பயணியாயின், எட்டு மணியை விட்டுப் பத்து மணிக்கே செல்வேன்.

14-ஆம் நாள் நள்ளிரவில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நகர மன்றத்தின் முன் மீண்டும் கூடுகின்றனர். விழா முடிந்ததே என்று இரங்கிப் பாடுகின்றனர். பின், கழுத்துக் குட்டையை அவிழ்த்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.