சமூகப்பணிக் கல்வியில் களப்பணி: தோற்றமும் பரவலும்

சமூகப்பணி பயிலும் மாணவர் வாரத்தில் சில நாள்கள் வகுப்பில் பாடம் கேட்டு, மற்ற நாள்களில் மருத்துவமனையிலோ சிறார் இல்லத்திலோ குடிசைப் பகுதியில் இயங்கும் தொண்டு நிறுவனத்திலோ பயிற்சியாளராக வேலை செய்யும் முறை களப்பணி எனப்படும். இம்முறையைப் பல்கலைக்கழகங்கள் வகுத்துக் கொடுத்ததாகக் கருதும் வழக்கம் உண்டெனினும், அறநிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஊழியரைத் தாமே பழக்கிக்கொள்ள நேர்ந்த தேவையில் இது பிறந்து, பிறகே கல்விக்கூடத்துக்குள் நுழைந்தது.

1884இல் லண்டனின் கிழக்கே ஒயிட்சேப்பல் பகுதியில் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் தொடங்கிய டாயின்பி ஹால் இதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த இளைஞர்கள் ஏழைத் தொழிலாளர் நடுவே வந்து தங்கி, மாலை வகுப்புகளும் இலவசச் சட்ட ஆலோசனையும் நடத்திய இத்தகைய விடுதிகள் குடியேற்ற இல்லங்கள் என்று பெயர் பெற்றன. ஏழைகளை உயர்த்துவதே நோக்கம் என்று சொல்லப்பட்டாலும், வந்து தங்கியவர்கள் கொடுத்ததைவிடப் பெற்றுச் சென்றதே மிகுதி என்று கொள்ள இடமுண்டு; 1903இல் அங்கே துணைக் காப்பாளராகச் சேர்ந்த வில்லியம் பெவரிட்ஜ்தான், 1942இல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளமான அறிக்கையை எழுதினார். டாயின்பி ஹாலை நேரில் பார்த்துத் திரும்பிய ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸை நிறுவினார். அதைச் சுற்றியிருந்த குடும்பங்களின் பூர்வீகத்தையும் வார வருமானத்தையும் வீடு வீடாகத் திரட்டி, வண்ணமிட்டு 1895இல் வெளியிடப்பட்ட வரைபடங்கள், தொண்டு செய்ய வந்தவர்கள் ஆய்வாளராகவும் தேர்ந்ததைக் காட்டுகின்றன.

ஆயினும் குடியேற்ற இல்லத்தில் கற்பிப்பவர் என்று தனியே ஒருவர் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் மட்டும் பழகிய ஊழியர் அந்நிறுவனத்தின் வழக்கங்களையே தொழிலறிவு என்று மயங்கிவிடும் குறையும் இருந்தது. பால்டிமோர் நகர அறநிறுவனச் சங்கத்தில் பணியாற்றிய மேரி ரிச்மண்ட், தொண்டுப் பணிக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளி தேவை என்று 1897இல் வலியுறுத்தியதற்கு மறு ஆண்டு, நியூயார்க் அறநிறுவனச் சங்கம் 6 வாரக் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது அதுவே. மேற்பார்வை என்னும் அமைப்பு இப்பள்ளிகளின் வழியே உறுதிப்பட்டது. மாணவர் தாம் சந்தித்தவரிடம் பேசியதையும் கேட்டதையும் நடந்த வரிசைப்படி எழுதி அனுபவமிக்க ஊழியரிடம் காட்ட, அவர் அதைப் படித்து, எந்தக் கேள்வி பயன் தந்தது, எந்தச் சொல் எதிரில் இருந்தவரின் வாயை அடைத்தது என்று சுட்டிக்காட்டுவார். களப்பணியை வெறும் உதவி வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது, அலுப்பூட்டுவதாக மாணவர் பலர் குறைப்பட்டுக்கொள்ளும் இந்தப் பதிவேடுதான்.

இந்தியாவிலும் அமைப்பு முந்தியது, பள்ளி பிந்தியது. அமெரிக்க மறைப்பணியாளரான கிளிஃபோர்டு மேன்ஷார்ட், பம்பாயின் நெரிசல் மிகுந்த நாக்பாடாவில் அக்கம்பக்கத்தார் இல்லம் ஒன்றை 1920களில் நடத்தி வந்தார். அந்த அனுபவமே, டாடா அறக்கட்டளையின் பொருளுதவியுடன் 1936இல் சர் தோராப்ஜி டாடா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி உருவாக வழிவகுத்தது. 1944இல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது.

மாணவரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு ஓரளவு விடை தந்தது சட்டம். 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் ஆலைகள் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததால், சம்பளமுள்ள வேலை அப்பக்கம் இருக்க, மாணவர் நாட்டமும் தெருவை விட்டு ஆலை வாயிலை நோக்கித் திரும்பியது. சேரியில் தொடங்கிய கல்விக்கு இது விந்தையான திருப்பம்தான்.

சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் தோன்றிய சமூகப்பணிப் பள்ளிக்கு முன்னோடியாக, 1923 முதல் இயங்கி வந்த கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டு அமைப்பு இருந்தது. ஆதரவற்ற சிறார்க்கான சேவா சமாஜ இல்லங்களைப் போன்றவற்றை நடத்திய அவ்வமைப்புக்குப் பயிற்சி பெற்ற ஊழியரின் தேவை ஏட்டளவில் தெரிந்த செய்தியன்று, அன்றாட நெருக்கடி. பள்ளிகள் பெருகியபோது மாணவர் எண்ணிக்கை கூடியதே தவிர, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்கக்கூடிய நிறுவனங்கள் அதே அளவில் கூடவில்லை. மேற்பார்வைப் பொறுப்போ, தம் வழக்கமான வேலையுடன் கூடுதலாக, பெரும்பாலும் தனி ஊதியம் இன்றி, அந்நிறுவன ஊழியரின் தோளிலேயே இன்றளவும் இருந்து வருகிறது.