ஐந்நூறு ரூபாயில் ஆறு நாடுகள்

குவாஹாத்தியில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் இறக்குமதி செய்யப்பட்ட அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. அதில் பூட்டானுக்குச் சென்றுவர விரும்பினார். எல்லை, சில மணிநேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய காப்பீடு இந்திய எல்லையோடு முடிந்துவிடும். அதை நீட்டித்துத் தருமாறு கேட்டபோது ஒரு நிறுவனம் மறுத்தது. இன்னொன்று காரின் பெயரைக் கேட்டதும் மௌனமாயிற்று. மோட்டார் வாகனச் சட்டங்களின் வரலாற்றைப் படிப்பவன் என்பதால் என்னிடம் வழி கேட்டார்.

வழி, ஏட்டில் இருக்கிறது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள், முழுக் காப்பீட்டின் நிலப்பரப்பை வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு நீட்டிக்க இடம் தருகின்றன. கூடுதல் கட்டணம் 500 ரூபாய்க்கு மிகக்கூடாது. வாகனம் எவ்வகையினதாயினும் இதே வரம்புதான். வேகமோ விலையோ இங்கே கணக்கில் இல்லை.

இப்பட்டியலைச் சற்று உற்றுநோக்கலாம். 1985இல் சார்க் அமைப்பைத் தொடங்கிய ஏழு நாடுகளில் இந்தியாவை நீக்கினால் எஞ்சுபவை இவையே. நம்மோடு நில எல்லை கொண்ட மியான்மருக்கும் சீனாவுக்கும் இதில் இடமில்லை. ஆனால் கடல் சூழ்ந்த மாலத்தீவுக்கு உண்டு! அதே விதி, வாகனத்தைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுசெல்லும்போது நேரும் சேதத்தை விலக்கியும் வைக்கிறது. பயணிக்கும் வழியை நினைத்து வரைந்த பட்டியலாக இது எனக்குத் தோன்றவில்லை. அரசியல் வரைபடத்தைப் பார்த்து எழுதியதாகவே தோன்றுகிறது.

இந்த எல்லைகளில் சில, காப்பீட்டுக் கட்டாயத்தைவிட வயதில் இளையவை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பகுதி 1946 ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அன்று அம்ரித்சரும் லாகூரும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தன. கல்கத்தாவும் டாக்காவும் அவ்வாறே. பதினான்கு மாதங்கள் நிறைவதற்குள் நாடு பிரிந்தது. ஐம்பது கிலோமீட்டர் சாலைப் பயணம் வெளிநாட்டுப் பயணமாயிற்று.

போரில் சிதைந்த ஐரோப்பா இதே காலத்தில் வேறு திசையில் நடந்தது. 1949இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் பரிந்துரைத்த பச்சை அட்டை முறை 1953இல் செயல்படத் தொடங்கியது. அதன் நுட்பம் எளியது. பிரான்சில் ஒருவரை பெல்ஜியக் கார் இடித்தால், காயமுற்றவர் பெல்ஜிய நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிரெஞ்சுக் காப்பீட்டாளர்களின் பணியகம் இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, பின்னர் பெல்ஜியத் தரப்பிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1982இல் பழுப்பு அட்டையைக் கொண்டுவந்தன. தெற்காசியாவில் அப்படி எந்த நிற அட்டையும் பிறக்கவில்லை. சார்க் மோட்டார் வாகன ஒப்பந்தம் 2014 காத்மாண்டு மாநாட்டில் கையெழுத்தாகாமல் நின்றது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015இல் திம்புவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மறு ஆண்டே பூட்டானின் மேலவை நிராகரித்தது.

நண்பரின் இடர்ப்பாட்டுக்கு இன்னொரு வேரும் உண்டு. காப்பீட்டு ஆவணம் இரண்டு பாதிகளால் ஆனது. பிறருக்கு நேரும் இழப்புக்கான பாதியின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, அதுவும் எஞ்சினின் கன அளவை மட்டும் பார்த்து. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட தொகை 7,897 ரூபாய். நண்பரின் காருக்கும் 1,800 சி.சி. அம்பாசடருக்கும் அதில் வேறுபாடில்லை. சொந்தச் சேதத்துக்கான பாதியோ 2007 முதல் கட்டண நிர்ணயத்திலிருந்து விடுபட்டது. அங்கேதான் காரின் பெயர் நிறுவனங்களை அச்சுறுத்துகிறது. உதிரிபாகம் கடல் கடந்து வரவேண்டும். மலைச்சாலையில் பழுதுபார்க்கும் கைகள் அரிது. கட்டண விதிகளோடு வந்த மாதிரி ஆவணம், விபத்துக்குள்ளான தனியார் காரை இழுத்துச் செல்ல 1,500 ரூபாய்தான் அனுமதிக்கிறது. தரையை உரசும் அத்தகைய காரை இமயச் சரிவிலிருந்து அத்தொகைக்கு யார் இறக்கித் தருவார்?

நிறுவனத்தின் தயக்கத்தை நான் முற்றிலும் பழிக்கமாட்டேன். என்னை உறுத்துவது வேறொன்று. பேச்சு முழுவதும் காரைச் சுற்றியே நடந்தது. அந்தக் கார் பூட்டானியச் சாலையில் ஒருவர்மீது மோதினால் அவருக்கு யார், எந்த வழியில் இழப்பீடு தருவார் என்ற கேள்வியை நிறுவனமும் எழுப்பவில்லை, நண்பரும் எழுப்பவில்லை. பச்சை அட்டை பிறந்தது அந்தக் கேள்விக்காகத்தான். காரின் கீறலுக்காக அன்று.

நண்பர் காரைக் குவாஹாத்தியிலேயே நிறுத்திவிட்டு, சம்துரூப் ஜோங்கார் வழியாக வாடகை வண்டியில் போய்வந்தார். மூன்றாவதாக அணுகிய நிறுவனம் நீட்டிப்புக்கு இசைவு தெரிவித்து அனுப்பிய கடிதம், அவர் திரும்பிய மறுவாரம் வந்து சேர்ந்தது.