ரெமிங்டன் மாடல் 51

ரெமிங்டன் மாடல் 51 என்பது ஐக்கிய அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1918 முதல் 1926 வரை உற்பத்தி செய்த, சட்டைப்பையில் அடங்கக்கூடிய சிறிய தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். இதனை வடிவமைத்தவர் ஜான் பெடர்சன். ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்குப் பின்னர், 2014 இல், அதே நிறுவனம் இதன் இயங்குமுறையை மீண்டும் எடுத்தாண்டு ஆர்51 என்ற பெயரில் ஒரு கைத்துப்பாக்கியை வெளியிட்டது. சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. பழைய வடிவமைப்பு ஒன்றைப் புதிய தோட்டாவுக்கும் புதிய உற்பத்தி முறைக்கும் பொருத்துவதில் உள்ள இடர்களுக்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறு கைத்துப்பாக்கிச் சந்தை கோல்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1903, 1908 ஆகிய மாதிரிகள் நன்கு விற்றன. பிரௌனிங்கின் காப்புரிமைகளில் இடறாத ஒரு மாற்று வடிவம் ரெமிங்டனுக்குத் தேவைப்பட்டது. ரெமிங்டனுக்காக முன்னரே மாடல் 10 வேட்டைத் துப்பாக்கியை வடிவமைத்திருந்த பெடர்சன் இப்பணியை ஏற்றார். முதல் உலகப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைத் தானியங்கியாக மாற்றும் 'பெடர்சன் கருவி'யை உருவாக்கியவரும் இவரே.

முதலில் .380 ஏசிபி தோட்டாவுக்கும், 1921 முதல் .32 ஏசிபி தோட்டாவுக்கும் இது செய்யப்பட்டது. மொத்தம் சுமார் 65,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பான்மை .380 வகையே. .45 அளவிலான பெரிய வடிவமான மாடல் 53 ஐ அமெரிக்கக் கடற்படை சோதித்துப் பார்த்தது. ஆயினும் போர்க்காலத்தில் ஏற்கெனவே வழக்கில் இருந்த எம்1911 துப்பாக்கியே பெருமளவில் தேவைப்பட்டதால் அது உற்பத்திக்கு வரவில்லை. மாடல் 51 ஐ வைத்திருந்தவர்களுள் தளபதி ஜார்ஜ் பேட்டனும் ஒருவர்.

இயங்குமுறை

இத்துப்பாக்கியின் சிறப்பு முழுவதும் இதன் பூட்டில் உள்ளது. அக்காலத்துச் சிறு கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் எளிய பின்னுதைப்பில் இயங்கின. அதாவது, மேற்பகுதியான நகர்பாகத்தின் எடையும் சுருள்வில்லின் வலிமையும் மட்டுமே குழலின் பின்வாயை அடைத்து வைத்திருக்கும். தோட்டாவின் வலிமை கூடக்கூட நகர்பாகம் கனக்க வேண்டும், அல்லது வில் இறுக வேண்டும். பையில் வைக்கும் துப்பாக்கிக்கு இரண்டும் தொல்லை.

பெடர்சன் நகர்பாகத்தினுள் அடைப்புக்கட்டையைத் தனி உறுப்பாக அமைத்தார். சுடும்போது இரண்டும் சேர்ந்து மிகச் சிறிது தொலைவு பின்னோக்கி வரும். உடனே அடைப்புக்கட்டை சட்டத்தில் உள்ள ஒரு படியில் மோதி நின்றுவிடும். நகர்பாகம் மட்டும் பெற்ற வேகத்தில் தொடர்ந்து பின்வாங்கும். அதற்குள் குண்டு குழலை விட்டு நீங்கி அழுத்தம் தணிந்திருக்கும். பின்னர் நகர்பாகத்தின் சரிவு அடைப்புக்கட்டையைப் படியிலிருந்து தூக்கிவிட, இரண்டும் மீண்டும் சேர்ந்து பின்சென்று வெற்றுறையை வெளித்தள்ளும். இடையில் நேரும் இந்தச் சிறு நிறுத்தத்தால் இது 'தயங்கும் பூட்டு' எனப்பட்டது.

இதன் பயன் கையில் தெரிந்தது. குழல் அசையாமல் நிலைத்திருந்தது, வில் குழலைச் சுற்றியே அமைந்தது, நகர்பாகம் மெலிதாயிற்று, உதைப்பும் குறைந்தது. துப்பாக்கியின் எடை சுமார் 600 கிராம். கைப்பிடியின் சாய்வை முடிவு செய்யப் பெடர்சன் பல மாதிரிப் பிடிகளைச் செய்து பலரிடம் கொடுத்துப் பார்த்தார் என்று கூறப்படுகிறது. பிடியின் பின்புறப் பாதுகாப்புக் கட்டை, உள்ளிருக்கும் சுத்தி ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் காட்டியது. சுத்தி ஏறியிருந்தால் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் தொட்டறியலாம். பாதுகாப்புக் கொண்டியும், தோட்டாப்பெட்டி இல்லாதபோது சுடவிடாத தடையும் இதில் இருந்தன.

குறைகளும் உண்டு. உறுப்புகள் பல, ஒவ்வொன்றையும் எஃகிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும். கழற்றிப் பூட்டுவதும் பழக்கமில்லாதவருக்கு எளிதன்று. கோல்ட்டின் எளிய வடிவமைப்போடு விலையில் போட்டியிட இது ஏற்றதாக இல்லை.

ஆர்51

தாத்தா காலத்துத் துப்பாக்கியாகப் பல அமெரிக்கக் குடும்பங்களில் எஞ்சியிருந்த மாடல் 51 க்கு இருந்த நற்பெயரே புதிய வடிவத்தின் மூலதனம். 2014 சனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்51 க்கு 420 டாலர் விலை குறிக்கப்பட்டது. முன்மாதிரிகளைச் சுட்டுப் பார்த்த இதழாளர்கள் மெல்லிய உடலையும் தாழ்ந்த குழலையும் குறைந்த உதைப்பையும் பாராட்டி எழுதினர்.

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருந்தாலும் வேறுபாடுகள் சிறியவை அல்ல. எஃகுச் சட்டத்தின் இடத்தில் அலுமினியம் வந்தது. பிடிப் பாதுகாப்பு மட்டும் நிலைத்தது, கைக்கொண்டி நீக்கப்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் தோட்டா. .380 ஏசிபியின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. ஆர்51 ஏற்ற வேண்டிய 9 மி.மீ. கூடுதல் அழுத்தத் தோட்டாவுக்கு அது 38,500 பவுண்டு. பெடர்சனின் பூட்டுக்கு இது இயலாததன்று, .45 அளவில் அவரே செய்து காட்டியிருந்தார். ஆனால் அடைப்புக்கட்டை படியில் சரியாக அமர்வதிலேயே முழுப் பாதுகாப்பும் தங்கியிருக்கும் அமைப்பு இது. எனவே உறுப்புகளின் அளவில் பிழை நேர இங்கு இடமே இல்லை.

கடைகளில் வாங்கியவர்களின் அனுபவம் இதழ்க் கட்டுரைகளோடு பொருந்தவில்லை. நகர்பாகம் கரடுமுரடாக இழுபட்டது, தோட்டா சிக்கிக்கொண்டது, கழற்றிய பின் மீண்டும் பூட்டுவது பெரும்பாடாயிற்று. இவை எரிச்சலூட்டும் குறைகள். மற்றொன்று ஆபத்தானது: தோட்டா முழுமையாகக் குழலறையில் அமராத நிலையிலும் துப்பாக்கி சுட்டதாகவும், வெற்றுறைகள் உப்பியும் கிழிந்தும் வெளிவந்ததாகவும் செய்திகள் வந்தன. அந்நிலையில் உறையின் அடிப்பகுதியைத் தாங்க எஃகு இராது. வெடிவளி சுடுபவரின் கையை நோக்கிப் பாயக்கூடும்.

2014 சூலையில் ரெமிங்டன், முன்மாதிரியிலிருந்து பேரளவு உற்பத்திக்கு மாறும்போது ஏற்பட்ட சிக்கல்களே காரணம் என விளக்கி, விற்ற துப்பாக்கிகளுக்கு ஈடாகப் புதியவற்றையும், கூடுதலாக இரண்டு தோட்டாப்பெட்டிகளும் ஒரு பேழையும் தருவதாக அறிவித்தது. முதல் தொகுதி வட கரோலினாவின் சார்லட்டில் செய்யப்பட்டது. அந்நிறுவனம் அப்போது அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில்லில் புதிய தொழிற்சாலையை அமைத்துக்கொண்டிருந்தது. சில மாதங்களில் வரும் எனப்பட்ட மாற்றுத் துப்பாக்கி 2016 இல்தான் வந்தது. அதன் விலை 448 டாலர். இரண்டாம் பதிப்பு முந்தையதைவிடச் சீராக இயங்கியது என்பதைப் பெரும்பாலான மதிப்பாய்வுகள் ஒப்புக்கொண்டன. ஆயினும் அந்த இரண்டாண்டுகளில் அதே அளவுள்ள பிற நிறுவனத் துப்பாக்கிகள் சந்தையை நிரப்பிவிட்டன.

ரெமிங்டன் 2018 இலும் 2020 இலும் திவால் பாதுகாப்புக் கோரியது. 2020 இல் அதன் பிரிவுகள் தனித்தனியே விற்கப்பட்டன. துப்பாக்கிப் பிரிவை வாங்கிய புதிய உரிமையாளர்கள் ஆர்51 ஐ மீண்டும் உற்பத்தி செய்யவில்லை. மாடல் 51 பிறந்த நியூ யார்க் மாநிலத்து இலியான் தொழிற்சாலையும் 2024 மார்ச்சில் மூடப்பட்டது.