தஞ்சைக் கோயில் போட்ட ஆயிரம் ரூபாய்



வடபழனி முருகன் கோயில் வாசலில் ஒரு முழம் பூ வாங்கினாலும் இப்போது செல்போனில்தான் பணம் போகிறது. ரூபாய் நோட்டைக் கையில் எடுப்பதே குறைந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நிமிடம் பர்ஸைத் திறந்து புது நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுங்கள். பின்பக்கம் திருப்புங்கள். ஒரு பட்டையில் பதினைந்து மொழிகள் வரிசையாக இருக்கும். கீழிருந்து மூன்றாவது வரி நம் தமிழ். அதே பக்கத்தில் இருக்கும் படம் குஜராத்தின் ராணி படிக்கிணறு. பத்தில் கோனார்க் சக்கரம், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, இருநூறில் சாஞ்சி, ஐநூறில் செங்கோட்டை. நம் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுகூட இல்லையே என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இருந்தது.

1947க்கு முன்பு நோட்டில் இருந்தவர் இங்கிலாந்து மன்னர். சுதந்திரம் வந்ததும் அவரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது என்ற கேள்வி எழுந்தது. காந்திஜி படத்தைப் போடலாம் என்று மாதிரிகள்கூடத் தயாராயின. கடைசியில் சாரநாத் சிங்கத் தூண் என்று முடிவாகி, 1949இல் அந்தச் சின்னத்தோடு ஒரு ரூபாய் நோட்டு வந்தது.

நமக்கு முன்பே இதே கேள்வியைச் சந்தித்த நாடு அயர்லாந்து. 1922இல் தனி அரசு அமைந்தது. 1928இல் வந்த அவர்களுடைய முதல் நோட்டில் மன்னரும் இல்லை, தலைவரும் இல்லை. ஐரிஷ் உடையில் ஒரு பெண். ஓவியர் ஜான் லாவரி தன் மனைவியையே மாதிரியாக வைத்து வரைந்த படம் அது. பின்பக்கத்தில் அந்நாட்டு நதிகளைக் குறிக்கும் சிற்ப முகங்கள். மன்னர் இருந்த இடத்துக்கு அவர்கள் ஒரு பெண்ணையும் நதிகளையும் கொண்டுவந்தார்கள். நாம் சிங்கத்தையும், பிறகு கோயிலையும் கொண்டுவந்தோம்.

அந்தக் கோயில் வந்தது 1954இல். ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு வெளியிட்டது. ஐயாயிரத்தில் மும்பையின் இந்திய நுழைவாயில். ஆயிரத்தில் நம் தஞ்சைப் பெரிய கோயில். இன்றைய நோட்டைவிட நீள அகலத்தில் பெரிய தாள். மெல்லிய கோடுகளாலேயே விமானத்தை அடுக்கடுக்காக எழுப்பியிருப்பார்கள்.

1978 ஜனவரி 16 இரவு, மொரார்ஜி தேசாய் அரசு இந்த மூன்று நோட்டுகளும் செல்லாது என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மறுநாள் வங்கிகளுக்கு விடுமுறை. மாற்றிக்கொள்ளப் பொதுமக்களுக்கு 19ஆம் தேதி வரைதான் அவகாசம்.

நான் வங்கியில் சேர்ந்தது 1983இல். முதல் சம்பளம் ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் ஒருநாள் வயதான அம்மா ஒருவர் கவுண்டருக்கு வந்தார். காலமான கணவரின் புத்தகத்துக்குள் இருந்ததாம், மடிப்பு விழாத ஓர் ஆயிரம் ரூபாய் நோட்டு. நான் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். "பெரிய கோயில் போட்டிருக்கே தம்பி, இது எப்படிச் செல்லாமப் போகும்?" என்று கேட்டார். வரிசை நீளமாக இருந்தது. "இப்போ இது வெறும் காகிதம்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

விதிப்படி நான் சொன்னது சரி. ஆனால் அது வெறும் காகிதம் இல்லை. அந்த மனிதர் எதை விட்டுக்கொடுத்து அதைச் சேர்த்தாரோ! இன்று அதே நோட்டு சேகரிப்பாளர்களிடம் முக மதிப்பைவிடப் பல மடங்கு பெறும் என்பது வேறு விஷயம். அயர்லாந்தில் 2002இல் யூரோ வந்து பவுண்டு போய்விட்டது. ஆனாலும் பழைய பவுண்டு நோட்டைக் கொண்டுபோனால் அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது, காலக்கெடுவே கிடையாது. இதைப் படித்த அன்று எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நோட்டு சேர்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆரியபட்டா செயற்கைக்கோள் போட்ட இரண்டு ரூபாய், டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய், காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் வந்த நோட்டு எல்லாம் இருக்கின்றன. தஞ்சை நோட்டு மட்டும் என்னிடம் இல்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியின் புத்தகம், டிரங்குப் பெட்டி இருந்தால் ஒருமுறை பாருங்கள். பழைய நோட்டு கிடைத்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2016இல் செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் நோட்டுகளில் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை.

கிடைத்ததை யாருடையது, எப்போது வைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நோட்டின் விலையைவிட அந்தச் சீட்டு முக்கியம்.